நீலச் செருப்பு இருந்த இடம்

வெயில் இன்னும் மண்ணைத் தொடவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தின் மேல் பாலாடை மாதிரி மெல்லிய பனி. ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில் என் மஞ்சள் வேன். வேனுக்குள் நான்.

மைதானத்தின் வளைவில் என் மகள் ஷெர்லி தனியாக நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். தரையில் கிடந்த ஒரு நீல ரப்பர் செருப்பைக் கால் பெருவிரலால், தூங்குகிற பூனையை நகர்த்துகிற மாதிரி, மெல்லத் தள்ளினாள். ஒரு சாண் இருக்கும். பிறகு ஒன்றும் தெரியாதவள் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு கைகளைச் சுழற்றினாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூச்சி ஏதாவது இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

பிள்ளைகளே, இந்த வாரம் அந்தச் செருப்பின் கதைதான். கொஞ்சம் கூச்சமான கதை. அதனால் ஷெர்லியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"எழுதிக்கோ டாடி. ஆனா என்னை அழுமூஞ்சியா காட்டாதே" என்றாள்.

"நீ அழுதியே?"

"அது வேர்வை."

சரி, வேர்வை என்றே வைத்துக்கொள்வோம்.

என் வேனின் ஒரே சட்டம்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பெயர் அந்தோணி. ஜீவனஹள்ளியில் வீடு. பத்தாவது வரைக்கும் படிப்பு என்னோடு வந்தது. அப்புறம் அது ஒரு ரோட்டில் போனது, நான் ஒரு ரோட்டில் போனேன்.

என் வேனில் ஏறுகிற பிள்ளைகள் பாடலாம், சண்டை போடலாம், டிபன் டப்பாவைத் திறந்து அடுத்தவன் சட்டையில் கொட்டலாம். ஒன்று மட்டும் கூடாது. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டக் கூடாது. ஒரு விரல் வெளியே போனாலும் வண்டியை ஓரங்கட்டிவிடுவேன்.

"வேன் அங்கிள், இவன் கை!" என்று எல்கேஜி குழந்தைகளே ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும். அவ்வளவு கண்டிப்பு.

வேன்காரனுக்குப் பாதி ரோடு முன்னால் இருக்கிறது, பாதி ரோடு கண்ணாடியில் இருக்கிறது. பின்னால் பார்க்காமல் ஓட்டத் தெரியாது எனக்கு. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட, பின்னால் யார் வருகிறார்கள் என்று தலை தானாக மேலே போகும். அங்கே கண்ணாடி இருக்காது. நாட்காட்டிதான் இருக்கும்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

பன் தின்ற செய்தி

ஷெர்லி அப்போதுதான் பி.யு.சி. காலேஜில் முதல் வருஷம், அதாவது பதினொன்றாம் வகுப்பு, முடித்திருந்தாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே ஓடுகிறவள். பால் பாக்கெட் வாங்க அனுப்பினால் ஓடுவாள். கோவிலுக்கு லேட்டானால் ஓடுவாள். லேட்டாகாவிட்டாலும் ஓடுவாள்.

கோடை லீவில் அந்த மைதானத்தில் ஓட்டப் பயிற்சி முகாம் நடந்தது. பிலோ மிஸ் என்று ஒரு விளையாட்டு டீச்சர் நடத்தினார். கழுத்தில் விசில், கையில் குடை. வெயிலுக்கும் அதுதான், மழைக்கும் அதுதான், பிள்ளைகளை விரட்டவும் அதுதான்.

ஒரு நாள் எங்கள் தெரு லூர்து அக்கா என் மனைவி செலினிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்க பொண்ணு பேக்கரி வாசல்ல ஒரு பையனோட நின்னு பன் தின்னுக்கினு இருக்குது."

"பன்னுதானே அக்கா. பசிச்சிருக்கும்" என்றாள் செலின்.

"ஒரே பன், செலின்."

செலின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஷெர்லி வந்ததும் விசாரணை ஆரம்பித்தது. "யாருடி அவன்?"

"சேத்தன். என் ரிலே டீம் மம்மி."

"டீம்னா பாதி பன்னா?"

"அவன்கிட்டே சில்லறை இல்லே. என்கிட்டே இருந்தது."

"நாளையிலருந்து கிரவுண்டும் வேணாம், பன்னும் வேணாம்."

ஷெர்லி தன் ஓட்டக் காலணியை எடுத்துக்கொண்டு போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, ஆணி முனைகளில் இருந்த மண்ணைத் தென்னங்குச்சியால் நோண்டிக்கொண்டே இருந்தாள். சுத்தமான பிறகும் நோண்டினாள்.

முகாமின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு விளையாட்டு விடுதியிலிருந்து ஒரு மேடம் வரப் போகிறார் என்று பிலோ மிஸ் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் பிள்ளைகளை எடுத்துக்கொள்வார்கள். அங்கே சேர்ந்தால் படிப்பும் ஓட்டமும் ஒன்றாகப் போகும். ஷெர்லியின் காலேஜில் மைதானமே கிடையாது. விடுதி கிடைக்காவிட்டால் ஓட்டம் அந்தக் கோடையோடு சரி.

இதைச் செலினிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் அரிசி புடைத்தாள்.

"சரி, போகட்டும். ஆனா நீங்க கூடப் போங்க. வேன்லயே உக்காந்து பாருங்க. கண்ணாடி பாக்கறதுதானே உங்க வேலை?"

அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு குத்தல் இருந்தது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம்

ஸ்கூல் வேனுக்கு முன்னால் நான் ஒரு துணி ஃபேக்டரிக்கு வேன் ஓட்டினேன். பொம்மனஹள்ளியில் ஃபேக்டரி. ஓசூர் ரோடு முழுக்க அந்தக் காலத்திலும் தூசுதான், இந்தக் காலத்திலும் தூசுதான். மேலே ஒரு ரோடு வந்ததில் தூசுக்கு நிழல் கிடைத்திருக்கிறது.

காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போவேன். மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் ஒரு பெண் உட்காருவாள். கனகாம்பரம் வைத்திருப்பாள். தூங்கிக்கொண்டே வருவாள். சில்க் போர்டு வந்தால் மட்டும், எவ்வளவு ஆழ்ந்த தூக்கமாக இருந்தாலும், கண்ணைத் திறந்து சிக்னலைத் திட்டிவிட்டு மறுபடி தூங்குவாள்.

நான் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டேன். ரோடு தெரியவில்லை, மூன்றாவது வரிசை தெரிந்தது.

ஒரு நாள் அவள் கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்குள் நான் இருந்தேன். மறுநாள் அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கண்ணாடியை நேராக்கினேன். ஒரு வாரம் வண்டி ஓட்டியது நினைவே இல்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை மூன்றாவது வரிசையில் கனகாம்பரம் இருந்தது. ஏறும்போதே சொன்னாள்: "டிரைவர், கண்ணாடி கோணலா இருக்கு பாருங்க." அது நேராகத்தான் இருந்தது. அவள் சொன்னதால் கோணலாக்கினேன்.

அந்தச் செலின்தான் இப்போது என்னை வேவு பார்க்க அனுப்புகிறாள். கண்ணாடி பார்க்கிறவனை அனுப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அனுப்பினாள் என்று இப்போது தோன்றுகிறது.

"அங்கிள், சாப்டியா?"

முதல் நாளே அந்தப் பையன் நேராக வேனுக்கு வந்தான். ஒல்லி. காது இரண்டும் ஓடத் தயாராக நிற்கிற மாதிரி விறைப்பாக இருந்தன. சிக்கமகளூரு பக்கம் ஒரு சின்ன ஊர். கோடைக்குக் காக்ஸ் டவுனில் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தான். கன்னடப் பையன். முகாமில் பாதிப் பிள்ளைகள் தமிழ். அவர்களிடம் அரைகுறையாகப் பேசக் கற்றிருந்தான்.

ஜன்னல் பக்கம் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கைகட்டி, "அங்கிள், சாப்டியா?" என்றான்.

ஷெர்லி பின்னாலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள். "டேய், 'சாப்ட்டீங்களா'ன்னு சொல்லுடா! எங்கப்பாடா அவர்!"

"ஓ. சாரி அங்கிள். சாப்ட்டீங்களாடா?"

நான் சிரித்துவிட்டேன். வேவு பார்க்க வந்தவன் சிரித்தால் வேவு அப்போதே கெட்டது.

அதற்குப் பிறகு அந்த மாதம் எனக்கு ஒரு கனவு மாதிரிதான் நினைவிருக்கிறது. எது எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை.

விடியும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு ரயில் மெதுவாகப் போகும். அதன் ஜன்னல் வெளிச்சங்கள் மைதானத்தின் மேல் வரிசையாக நகரும். ஷெர்லியும் அவனும் அந்த வெளிச்சத்துக்குள் ஓடுவார்கள். சும்மா, ரயில் போகிற வரைக்கும். ரயில் ஜெயித்துவிடும். இருவரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரிப்பார்கள். சிரிப்பு பனிக்குள்ளிருந்து வரும். ஆட்கள் தெரியமாட்டார்கள்.

பேக்கரியில் சூடாக ரொட்டி எடுக்கிற வாசனை சுவர் தாண்டி வரும். மே மலர் மரத்திலிருந்து சிவப்பு இதழ்கள் ஓட்டப் பாதையில் விழுந்திருக்கும். ஷெர்லி அவற்றை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடப்பாள். ஓடும்போது மட்டும் அவளுக்குப் பூவும் தெரியாது, ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் திடீரென்று மழை கொட்டியது. மொத்த முகாமும் என் வேனுக்குள் ஏறிக்கொண்டது. ஈரச் சட்டை, ஈர மண், சாக்ஸ் நாற்றம், சத்தம். கடைசி வரிசையில் ஷெர்லியும் சேத்தனும். நடுவில் பிலோ மிஸ்ஸின் குடை, மூன்றாவது ஆளைப் போல.

அவன் ஜன்னலில் படிந்த ஆவியில் விரலால் ஒரு மலை வரைந்தான். அவள் அதன் மேல் ஒரு மேகம் வரைந்தாள். அவன் மேகத்திலிருந்து மழை வரைந்தான். வெளியேயும் மழை.

பின்னால் பார்க்கிற என் கண்ணாடியிலும் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போனது. துடைக்கிற துணி மடியில்தான் இருந்தது. துடைக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் செலின் கேட்டாள்: "இன்னா பார்த்தீங்க?"

"மழை" என்றேன்.

பின்னால் பார்க்காதே

இப்போது ரிலே ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர். இந்த முகாமில் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள் கலந்த அணி. ஒரு கட்டையை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்குப் பேட்டன் என்று பெயர். மூன்றாவதாக ஓடுகிறவன் சேத்தன். கடைசியாக ஓடுகிறவள் ஷெர்லி.

கடைசி ஆள் நின்றுகொண்டே வாங்கினால் நேரம் போய்விடும். ஓடிக்கொண்டே வாங்க வேண்டும். எப்போது ஓட ஆரம்பிப்பது? அதற்குத்தான் பாதை ஓரத்தில், தனக்குக் கொஞ்சம் பின்னால், ஓர் அடையாளம் வைப்பார்கள். மண் மைதானத்தில் கல் வைத்தால் கால் போய்விடும் என்று பிலோ மிஸ் செருப்பு வைக்கச் சொல்வார். வருகிறவனுடைய செருப்பு. அந்த நீலச் செருப்பு சேத்தனுடையது. தினமும் அதை வாங்கி, முந்தின நாள் அச்சில் வைக்கிறவள் ஷெர்லி.

அவன் செருப்பைத் தாண்டுகிற நொடியில் ஷெர்லி திரும்பி ஓட வேண்டும். அதற்கப்புறம் பின்னால் பார்க்கவே கூடாது. முழு வேகம். அவன் கிட்டே வந்து "கை!" என்று கத்துவான். கன்னடத்திலும் கை, தமிழிலும் கை. அவள் கையை மட்டும் பின்னால் நீட்டுவாள். உள்ளங்கையில் கட்டை வந்து விழும். சுண்ணாம்பில் போட்ட ஒரு கோட்டுக்குள் இது நடந்தாக வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் அணியே அவுட்.

ஷெர்லியிடம் ஒரு குறை உண்டு. நின்ற இடத்திலிருந்து துப்பாக்கிச் சத்தத்துக்குக் கிளம்புவதில் அவள் மந்தம். தனி ஓட்டத்தில் அதனாலேயே பின்தங்குவாள். ஆனால் ரிலேயில், ஓடுகிற ஓட்டத்தில் கட்டையை வாங்கினால், அவளைப் பிடிக்க ஆளில்லை. அதனால் விடுதி மேடத்துக்குக் காட்டப் போவது இந்த ரிலேதான் என்று பிலோ மிஸ் முடிவு செய்திருந்தார்.

ஆனால் நாளாக ஆக பிலோ மிஸ்ஸின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"ஷெர்லி! ஹிந்தே நோட்பேடா! பின்னால பாக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது! கட்டை வாங்கறப்போ ஏன் நின்னு போறே? பஸ் ஸ்டாப்பா இது?"

என்னிடமும் வந்து முறையிட்டார். "அந்தோணி, இந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சு? மாசம் ஆரம்பத்துல பறந்துச்சு. இப்போ கட்டை வர்ற வரைக்கும் நடக்குது. ஞாயித்துக்கிழமை இப்படி ஓடினா அந்த மேடம் டீ குடிச்சுட்டுப் போயிடுவாங்க."

எனக்கும் தெரியவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல டாடி" என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மண்ணில் பதிந்தவை

கடைசி ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அந்த வாரம் முழுக்க சாயங்காலம் தூறல், காலையில் வெயில். ஈர மண்ணில் எதை வைத்தாலும் அச்சு விழும். வெயிலில் காய்ந்து அப்படியே நின்றுவிடும்.

ஷெர்லிக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்க வளைவுக்குப் போனேன். சேத்தன் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன்.

செருப்பின் அச்சுகள். ஒன்றுக்கு முன்னால் ஒன்று, ஒன்றுக்கு முன்னால் ஒன்று, வரிசையாக. எல்லாம் இடது கால். ஒற்றைக் காலோடு யாரோ ஷெர்லி நிற்கிற கோட்டை நோக்கி மெல்ல மெல்ல நடந்து வந்த மாதிரி. வரிசையின் இந்த முனையில், அவளுக்கு மிக அருகில், நீலச் செருப்பு கிடந்தது.

அப்போதுதான் எனக்கு, அந்தப் பனிக் காலையில் செருப்பைத் தள்ளிய பெருவிரல் ஞாபகம் வந்தது.

செருப்பு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ, அவ்வளவு தாமதமாக அவள் கிளம்புவாள். அவ்வளவு சுலபமாக அவன் வந்து சேர்ந்துவிடுவான். அவன் அவளைவிட மெதுவாக ஓடுகிறவன். அவள் முழு வேகத்தில் கிளம்பினால் எட்ட முடியாமல் போய்விடுமோ என்று பயந்து, தினமும் யாரும் பார்க்காதபோது தன் வேகத்தை ஒரு சாண், ஒரு சாணாகக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

"யார் நகர்த்தினது?" என்று கேட்டான் சேத்தன். அவர்கள் கன்னடத்தில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"காத்து" என்றாள் ஷெர்லி.

"காத்து செருப்பை நகர்த்துமா? தினமும்? உன் பக்கமாவே?"

அவள் காலால் மண்ணைக் கீறினாள்.

"நான் வந்து சேரமாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டே, இல்லே?"

"எட்டலைன்னா எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. என்னைப் பார்த்துத்தானே? நான் ஊருக்குப் போறவன். சிரிப்பை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன். உனக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் இருக்கு. அதை எனக்காகக் குறைப்பியா நீ?"

அவன் தன் செருப்பை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வேனில் வீட்டுக்கு வரும்போது ஷெர்லியின் கன்னத்தில் நிறைய வேர்வை.

அன்று செலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, அச்சு, அவன் கேட்ட கேள்வி, எல்லாம். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தப் பையன் இன்னா படிக்கிறான்?"

"ஏன்?"

"சும்மா கேட்டேன். நல்லா வளர்த்திருக்காங்க."

ஞாயிறு

பூசை முடிந்து ஜனங்கள் அப்படியே மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். பூப்போட்ட சட்டைகள், முக்காடுகள், பலூன் கேட்கிற குழந்தைகள். லூர்து அக்கா முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டார். செலின் என் பக்கத்தில் வேனில். விடுதி மேடம் வெள்ளைத் தொப்பியோடு ஓட்டம் முடிகிற கோட்டருகே நின்றார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சேத்தனும் ஷெர்லியும் சனிக்கிழமை பேசவே இல்லை. அவன் வந்தான், ஓடிப் பார்த்தான், போனான்.

ரிலேக்கு அழைத்தார்கள். ஷெர்லி தன் கோட்டில் போய் நின்றாள். அவள் செருப்புக்காக அவனைப் பார்த்தாள். சேத்தன் தன் இடது செருப்பைக் கழற்றினான். அவள் கையில் கொடுக்கவில்லை. தானே நடந்து போனான். அச்சு வரிசையைத் தாண்டி, தாண்டி, கடைசி அச்சு வரைக்கும் போனான். மாத ஆரம்பத்தில் பிலோ மிஸ் வைக்கச் சொன்ன இடம். தூறலில் அழிந்தும் அழியாமல் லேசாகத் தெரிந்தது. அந்த அச்சுக்குள் செருப்பைக் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தான்.

பிறகு எழுந்து அவளைப் பார்த்தான். வலது செருப்பையும் கழற்றி மரத்தடியில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு தன் இடத்துக்கு ஓடிப் போனான்.

"இன்னாங்க பண்றான்?" என்றாள் செலின்.

"தூரமா வைக்கிறான்."

"ஐயோ, எட்டுமா?"

துப்பாக்கி வெடித்தது. புறாக்கள் கோபுரத்திலிருந்து கிளம்பின. முதல் பையன், அடுத்து ஒரு பெண். எங்கள் அணி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. கட்டை சேத்தன் கைக்கு வந்தது. வளைவில் அவன் வந்தான். வாய் திறந்திருந்தது, காதுகள் விறைத்திருந்தன, வெறுங்கால் மண்ணை வாரி இறைத்தது.

ஷெர்லி குனிந்து, தோளுக்கு மேலாகச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நினைத்திருந்தால் ஒரு நொடி தாமதித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் செலினுக்கும் அந்தப் பையனுக்கும் மட்டும் தெரிந்திருக்கும்.

அவன் கால் செருப்பைத் தாண்டியது.

அவள் திரும்பினாள். கிளம்பினாள். முகாமின் முதல் நாளில்கூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. தலைமுடி பின்னால் பறந்தது. கண் நேராக இருந்தது. இடையில் இருந்த தூரம் குறையவே இல்லை. கூடிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. சுண்ணாம்புக் கோடு அவளை நோக்கி ஓடி வந்தது. செலின் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"கை!"

ஷெர்லியின் கை பின்னால் போனது. உள்ளங்கை விரிந்து, காற்றில், காலியாக. அவள் திரும்பவில்லை. வேகத்தைக் குறைக்கவில்லை. கோடு இதோ வந்துவிட்டது.

அவன் விழுகிற மாதிரி முன்னால் பாய்ந்தான். கட்டை அவள் கைக்குள் போனது. அவன் நெஞ்சு மண்ணில் தேய்ந்து நின்றது.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க ஆளில்லை.

லூர்து அக்கா நாற்காலி மேல் ஏறி நின்று, "ஓடு தாயி ஓடு!" என்று கத்திக்கொண்டிருந்தார். பன் எல்லாம் மறந்துவிட்டது.

விடுதி மேடம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஷெர்லியிடம் நடந்து வந்து பெயர் கேட்டார். ஷெர்லி பெயரைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே, முதல் தடவையாக, பின்னால் பார்த்தாள். அங்கே சேத்தன் மண்ணில் குந்தியபடி, முழங்கை முழுக்கச் சிராய்ப்போடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மெஜஸ்டிக்

ஷெர்லிக்கு விடுதியில் இடம் கிடைத்தது. ஜூன் தொடங்குவதற்கு முன் சேத்தன் ஊருக்குக் கிளம்பினான். சித்தப்பாவின் ஸ்கூட்டரில் பெட்டி ஏறாது. "வேன்ல விட்டுடுங்க" என்று சொன்னது செலின்தான். கையில் ஒரு டப்பாவும் கொடுத்தாள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். "பையன் வெறும் வயித்தோட மலை ஏறக் கூடாது."

அவன் பின் சீட்டில் பெட்டியோடு உட்கார்ந்தான். ஷெர்லி முன்னால் என் பக்கத்தில். தூறல். சாலையோரத்தில் பலாச்சுளை வாசனை. இருவரும் பேசியது கொஞ்சம்தான்.

"முழங்கை?"

"காஞ்சுடுச்சு."

"ஊர்ல ஓடுவியா?"

"மேட்டுல ஓடுவேன். அடுத்த தடவை நான் முன்னால ஓடுவேன், நீ என் கையைத் தேடுவே."

"ஆசையைப் பாரு."

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கினான். ஷெர்லி பையிலிருந்து நீலச் செருப்பின் இடது காலை எடுத்து நீட்டினாள். கழுவித் துடைத்திருந்தாள்.

"வெச்சுக்கோ. ஹாஸ்டல்ல அடையாளம் வைக்க வேணும்ல" என்றான்.

"அப்போ உனக்கு?"

"வலதுகால் இருக்கே."

பிறகு என் ஜன்னலுக்கு வந்து குனிந்தான். நன்றாக மனப்பாடம் செய்திருந்தான். "போயிட்டு வரேன் அங்கிள். நீங்க சாப்பிடுங்க."

நான் வண்டியைக் கிளப்பினேன். தலை வழக்கம்போல மேலே போனது. கண்ணாடியில் அவன் பெட்டியோடு தூறலில் நின்றுகொண்டிருந்தான்.

"அங்கேயே நிக்கிறான்மா" என்றேன். "பார்க்கலையா?"

ஷெர்லி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் செருப்பு.

"கிளம்பியாச்சு டாடி. இனிமே பின்னால பார்க்கக் கூடாது."

சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். தன் இடது கையை வெளியே விட்டு, பின்னால் நீட்டினாள். உள்ளங்கை விரிந்திருந்தது. அதில் தூறல் விழுந்தது.

இடது பக்கக் கண்ணாடியில் இரண்டும் தெரிந்தன. கிட்டே அவள் கை. தூரத்தில், சின்னதாகிக்கொண்டே போகிற அவன், தன் கையை மேலே தூக்கி அப்படியே வைத்திருந்தான்.

பிள்ளைகளே, என் வேனின் ஒரே சட்டம் உங்களுக்குத் தெரியும். வண்டி திரும்புகிற வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை.